கடைசி ஓட்டை

சுவருக்குள் மறுபடியும் அந்தச் சத்தம் கேட்டது. நகத்தால் காகிதத்தைக் கீறுவது போல மெல்லத் தொடங்கி, கொஞ்சம் நின்று, பிறகு யாரோ செருப்பில்லாமல் நடந்துபோவது போல மேலே ஏறிப் போயிற்று. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஓனரம்மாவின் கை அப்படியே நின்றது. சத்தம் போன திசையை அண்ணாந்து பார்த்தாள். மேலே மாடி வீட்டுக் குளியலறை. அதற்குப் பக்கத்து அறையில்தான் டீச்சர் படுப்பாள்.

ஓனரம்மா என்பது புருஷன் அவளுக்கு வைத்த பட்டம். வீடு அவளுடைய அப்பா அவள் பெயருக்கு எழுதி வைத்தது. கல்யாணமான புதிதில் கேலியாகக் கூப்பிட ஆரம்பித்து, தெருவே அப்படிக் கூப்பிடும்படி ஆகிவிட்டது. புருஷன் தையல்காரர். கீழ் வீட்டின் முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பிடக்கூட மூன்று தடவை கூப்பிட வேண்டும். மாடியை வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

எலி என்றால் அவளுக்கு உயிரே போய்விடும். சின்ன வயதில் ஒருநாள் கொடியில் காய்ந்த சட்டையை உதறாமல் போட்டுக்கொண்டாள். கைக்குள் பதுங்கியிருந்த சுண்டெலி ஒன்று தோள் வழியாக முதுகுக்கு ஓடியது. அந்தச் சின்னக் கால்களின் குறுகுறுப்பு இத்தனை வருஷம் கழித்தும் அவள் தோலில் அப்படியே இருந்தது. இன்றைக்கும் எதையும் இரண்டு தடவை உதறாமல் உடுத்த மாட்டாள். தையல்காரர் தைத்துக் கொடுத்த புது ரவிக்கையைக்கூட உதறுவாள். "அதுல ஊசி வேணா இருக்கும், எலி இருக்காதும்மா" என்று அவர் சிரிப்பார்.

முன்பு மாடியில் இருந்த வங்கிக்காரர் குடும்பம் எலியால்தான் காலி செய்தது. அந்த அம்மாள் சும்மா போகவில்லை. சாமான் ஏற்றும்போது படியில் நின்றுகொண்டு, "எலிக்கு வாடகைக்கு விட்ட வீட்டுல எங்களையும் எதுக்கு சேர்த்தீங்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வெகுநாள் மாடி பூட்டியே கிடந்தது. தலைக்கு மேல் ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டில், பிள்ளை குட்டி இல்லாத இரண்டு பேர் எவ்வளவுதான் பேசிக்கொள்வது? மெஷின் சத்தம் நின்றால் சுவர்க் கடிகாரம் கேட்கும்.

அப்புறம்தான் டீச்சரும் அவள் புருஷனும் வந்தார்கள். அவன் போட்டோக்காரன். கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன். டீச்சர் முதல் வாரம் "ஆன்ட்டி" என்றாள், இரண்டாம் வாரம் "அம்மா" என்றாள், மாசமானதும் எப்படியோ "அத்தை" ஆகிவிட்டது. தையல்காரர் மட்டும் கடைசிவரை "அங்கிள்"தான். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். இப்போது ஏழாம் மாதம், பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு. மாடியில் அவள் நடக்கும்போது நடை கனத்திருப்பது கீழே தெரியும். அந்த நடையைக் கேட்டுக்கொண்டே ஓனரம்மா வேலை செய்வாள். அந்த வீட்டில் ஒரு குழந்தை அழுது அவள் கேட்டதில்லை. இந்தக் குழந்தை இங்கேதான் அழ வேண்டும் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடக்காமல் போய்விடுமோ என்று பயம்.

அந்தக் கனவில்தான் எலி வாயை வைத்தது.

பிறக்கப்போகும் குழந்தைக்கென்று டீச்சர் வாங்கி வைத்திருந்த துணிகளை ஒருநாள் அலமாரியிலிருந்து எடுத்தாள். கட்டைவிரல் நீளமே இருந்த ஒரு காலுறையின் நுனியைக் காணோம். கடித்த இடம் ஈரமாகக்கூட இருந்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு கீழே வந்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"அத்தை, எனக்கு எலின்னா பயமில்ல. இதுக்குள்ள இருக்கப்போற விரலை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்றாள்.

டீச்சரின் அம்மா தினமும் போனில் கூப்பிடுவதாகவும், எலி இருக்கிற வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், இங்கே வந்துவிடு, அவரை வேறு வீடு பார்க்கச் சொல் என்று நச்சரிப்பதாகவும் டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இன்னொரு தடவை எலியைப் பார்த்தால் போய்விடுவதாகத் தன் அம்மாவிடம் ஒத்துக்கொண்டிருந்தாளாம்.

அன்றைக்கே யுத்தம் தொடங்கியது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் மருந்து வைக்கக் கூடாது என்பதில் நாலு பேருக்கும் ஒரே பேச்சு. அதனால் ஆளுக்கொரு பக்கமாக ஓட்டைகளை அடைக்கக் கிளம்பினார்கள். போட்டோக்காரன் ஜன்னல்களை எடுத்துக்கொண்டான். குளியலறை ஜன்னலில் ஒரு கண்ணாடித் துண்டு உடைந்திருந்தது. அதன் மேல் கெட்டியான பிளாஸ்டிக் தாளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டினான். அவன் செய்தால் ஒரு சுருக்கம் இருக்காது. தையல்காரர் கதவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கதவின் அடியிலும் ரப்பர் பட்டை வைத்து, தரையோடு உரசும்படி அளவெடுத்து ஆணி அடித்தார். குளியலறைக் கதவுக்கு மட்டும் இரட்டைப் பட்டை. "பாவாடைக்கு பார்டர் மாதிரி இருக்கு அங்கிள்" என்று டீச்சர் சொன்னதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, அடுத்த வேளைச் சோறு வரைக்கும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

சில நாள் சத்தமே இல்லை. டீச்சர் காலுறையைத் தைத்து மூடினாள். ஓனரம்மா நிம்மதியாக மூச்சுவிட ஆரம்பித்த சமயத்தில்தான் அந்த வாலைப் பார்த்தாள்.

மாடிக்குப் போகும் படி வீட்டுக்கு வெளியே இருந்தது. பாதி ஏறினால் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் மாடிக் குளியலறை. ஆள் உயரத்துக்கு மேலே, கை நுழையும் அகலத்தில் ஒரு ஓட்டை இருந்தது. கேஸ் ஹீட்டரை மாட்ட வந்த ஆள் போட்டுவிட்டுப் போன ஓட்டை. அதை எதற்குப் போட்டான் என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை. ஹீட்டருக்கான சிலிண்டர் திருப்பத்தின் மூலையில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. சாயங்காலம் படி பெருக்கிக்கொண்டே நிமிர்ந்தவள் கண்ணெதிரே, அந்த ஓட்டையின் விளிம்பில், ஒரு வால் தொங்கியது. மெல்ல உள்ளே இழுபட்டு மறைந்தது.

வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தினால் மேலே கேட்கும். மேலே கேட்டால் டீச்சர் பெட்டியைக் கட்டுவாள்.

தையல்காரர் பொத்தான் வாங்கக் கடைவீதிக்குப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு முக்காலியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைப் பந்து பந்தாக உருட்டி, கையால் தொடப் பயந்து, துடைப்பக் கட்டையால் ஓட்டைக்குள் திணித்தாள். அதன் மேல் வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து அப்பி, தேக்கரண்டியின் முதுகால் வழவழவென்று தடவினாள். தடவி முடிக்கையில் மேலே கதவு திறந்தது. டீச்சர் கைப்பிடியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"என்ன அத்தை, கரண்டியும் கையுமா? சுவருக்கு ஊட்டிவிடறீங்களா?"

"கறை படிஞ்சிருந்துச்சுடி. கண்ணை உறுத்திச்சு."

"நீங்களா ஏறணும்? அங்கிள்கிட்ட சொல்லக் கூடாதா?"

"அவருகிட்ட சொன்னா அளவெடுக்கவே ஒரு வாரம் ஆகும்."

டீச்சர் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். ஓனரம்மா கரண்டியைக் கழுவி, பாத்திரத்தோடு பாத்திரமாக வைத்துவிட்டாள். புருஷனிடமும் சொல்லவில்லை. அவர் வாயில் எதுவும் நிற்காது. சுவரில் அந்த இடம் வெள்ளையாக, கண் மூடினது போல இருந்தது. வீட்டில் இனி ஒரு ஓட்டைகூட இல்லை என்று நினைத்தபடி படுத்தாள். நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை போட்டோக்காரன் வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது முன்னறையில் தலையை நீட்டினான். எதற்கும் இருக்கட்டும் என்று குளியலறையில், ஹீட்டருக்குக் கீழே, ஒரு கம்பிக் கூண்டுப் பொறியில் ரொட்டித் துண்டு வைத்திருந்தானாம். அதில் ஒன்று விழுந்திருக்கிறதாம்.

"உசிரோடதான் இருக்கார் அங்கிள். நல்லா சாப்பிட்டுட்டு சுத்திச் சுத்தி வர்றார். எடுத்துட்டுப் போய் எங்கயாவது தூரமா விட்டுடுங்க. அவகிட்ட பார்க்காதேன்னு சொல்லியிருக்கேன்."

தையல்காரர் சரி என்றார். ஆனால் கையில் அவசரச் சட்டை ஒன்று இருந்தது. காலர் முடியட்டும், கை முடியட்டும் என்று நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஓனரம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஓட்டையை அடைத்தாயிற்று, அப்படியென்றால் இது அடைப்பதற்கு முன்பே உள்ளே வந்துவிட்ட எலி. டீச்சர் அதைப் பார்த்துவிட்டாளா? பார்த்திருந்தால் இந்நேரம் அம்மாவுக்குப் போன் போயிருக்குமே? பொறுக்க முடியவில்லை. தையல்காரரின் அளவுக்கோலை எடுத்துக்கொண்டு தானே மாடி ஏறினாள். கோலின் நுனியில் ஒரு கம்பிக் கொக்கியைக் கட்டியிருந்தாள். அந்த நீளத்துக்குக் குறைவாக ஒரு எலியை நெருங்க அவளால் முடியாது.

கதவைத் திறந்த டீச்சரின் முகம் வெளுத்திருந்தது. தலைமுடி நனைந்து தோளில் ஒட்டியிருந்தது.

"அவரைத்தானே பார்க்க வந்தீங்க? உள்ளதான் இருக்கார். நான் குளிக்கும்போது மேல துணியப் போட்டு மூடிட்டேன் அத்தை. ரெண்டு பேருக்கும் மானம் இருக்கில்ல."

பார்த்துவிட்டாள். ஆனாலும் சிரிக்கிறாள். ஓனரம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பியது. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கட்டிலில் உட்கார்ந்து, நெற்றியை இரண்டு கையாலும் அழுத்தினாள். தலை வெடிப்பது போல இருக்கிறதாம், குமட்டுகிறதாம், காலில் பலமே இல்லையாம். குளிக்கப் போகும்போது நன்றாகத்தான் இருந்தாளாம்.

"இந்த மாசத்துல அப்படித்தான் இருக்கும்" என்றாள் ஓனரம்மா. பிள்ளை பெறாதவள் அதை இவ்வளவு நிச்சயமாகச் சொன்னதை நினைத்துப் பின்னால் அவள் எத்தனையோ தடவை வெட்கப்பட்டாள். "எலியப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அவசரமா ஊத்திக்கிட்டா அது குளியலா? ஈரத் தலையோட வேற உட்கார்ந்திருக்க. இதை நான் எடுத்துட்டுப் போயிடறேன். கதவை நல்லா சாத்திக்கிட்டு, சுடுதண்ணியா இன்னொரு தடவை நிதானமா தலைக்கு ஊத்து. வலி பறந்துடும்."

"மறுபடியுமா?"

"அத்தை சொல்றேன்ல."

குளியலறையில் இன்னும் ஆவி தேங்கிக் கிடந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, துணி மூடியபடியே கூண்டைக் கொக்கியில் மாட்டி, கோலை முழு நீளத்துக்கும் நீட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். துணிக்குள் அசைவே இல்லை. பதுங்கியிருக்கிறது, வெளியே வந்ததும் பாயும் என்று ஒவ்வொரு படியிலும் உடம்பு கூசியது.

கொல்லைப்புறத்தில் கூண்டை வைத்து, கோலால் துணியைத் தள்ளினாள். எலி பக்கவாட்டில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. பாதங்கள் மட்டும் நல்ல ரோஜா நிறத்தில், சாயம் போட்டது போல இருந்தன. பாதித் தின்ற ரொட்டித் துண்டு பக்கத்திலேயே கிடந்தது.

செத்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. தூரமாகக் கொண்டுபோய் விடவும் வேண்டாம், திரும்பி வருமோ என்று பயப்படவும் வேண்டாம். புருஷனைக் கூப்பிட்டு, உங்களுக்கு வேலை மிச்சம் என்றாள். அவர் துணி வெட்டிக்கொண்டிருந்த கத்தரியும் கையுமாக வந்தார். அந்தப் பெரிய இரும்புக் கத்தரியை அவர் யாரையும் தொட விடுவதில்லை. காகிதம் வெட்டினால்கூடக் கூர் போய்விடும் என்பார். குனிந்து பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"மருந்து வெச்சியா?"

"பிள்ளத்தாச்சி இருக்கற வீட்டுல மருந்து வைப்பேனா?"

"கம்பி அடிச்சிருக்கா?"

"கூண்டுப் பொறிங்க. அது அடிக்காது."

"காலையில சுத்திச் சுத்தி வந்துச்சுன்னானே. தின்னுக்கிட்டு இருந்தது எதனால சாகும்?" சொல்லிக்கொண்டே அவர் நிமிர்ந்து மாடிச் சுவரைப் பார்த்தார். அவர் குரல் மாறியது. "ஹீட்டருக்குக் கீழ வெச்சிருந்தான், இல்ல? ஜன்னலையும் அடைச்சிட்டான். நான் வேற கதவுக்கு ரெட்டைப் பட்டை போட்டு வெச்சிருக்கேன். நல்லவேளை, மேல் ஓட்டையாவது இருக்கு."

"எந்த ஓட்டை?"

"படி திருப்பத்துல இருக்குதே. மாட்டினவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான், அதுதான் ஹீட்டரு மூச்சு விடற வழி, அடைச்சா உள்ள இருக்கற ஆள் மயங்கிடும்னு. நான் உங்கிட்ட சொல்லல?"

சொல்லவில்லை. எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்கிற மனிதர், இதை மட்டும் சொல்லவில்லை. அவளும் ஓட்டையை அடைத்ததை அவரிடம் மறைத்தாள். அவர்கள் காலருகே, மாடியிலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாய் ஒரு தடவை கமறிவிட்டு ஓட ஆரம்பித்தது. நுரையோடு தண்ணீர் சாக்கடையில் விழுந்தது. அதிலிருந்து ஆவி எழுந்தது.

டீச்சர் அவள் பேச்சைத் தட்டவில்லை.

"நான் அடைச்சிட்டேங்க" என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் அவர் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

இரண்டு பேரும் ஓடினார்கள். திருப்பத்தில் அவர் தகரப் பெட்டியைத் திறந்து சிலிண்டரை மூடினார். மேலே போய்க் கதவைத் தட்டினார், மணியை அழுத்தினார், தோளால் இடித்தார். கதவு உள்ளே பூட்டியிருந்தது. குடியிருக்கிறவர்கள் வீட்டுக்குள் நமக்கென்ன வேலை என்று மாடியின் மாற்றுச் சாவியைக்கூட அவள் பெருமையாக டீச்சர் கையில் கொடுத்திருந்தாள். அந்தப் பெருமை இப்போது நெஞ்சில் இடித்தது.

"டீச்சரம்மா" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதில் இல்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டது. குளிக்கிற ஆள் அசைந்தால் அந்தச் சத்தம் மாறும். அது மாறவே இல்லை.

அவள் திருப்பத்திலேயே நின்றிருந்தாள். முக்காலி நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது. ஏறி, வெள்ளைச் சிமெண்டைக் கையால் குத்தினாள். கல்லாக இறுகியிருந்தது. தேக்கரண்டியால் தடவித் தடவி அவளே வழவழப்பாக்கிய இடம், நகம்கூட ஏறவில்லை. திரும்பி மேலே பார்த்தாள். அவர் ஒரு நொடி அவளைப் பார்த்தார், பிறகு படி இறங்கி வந்து, கையிலிருந்த கத்தரியைக் கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"குத்து" என்றார்.

குத்தினாள். இரண்டு கையாலும் பிடித்து, கண்ணில் தூள் தெறிக்க, மறுபடி மறுபடி குத்தினாள். கத்தரியின் முனை உடைந்து எங்கோ விழுந்தது. சிமெண்ட் விண்டது. பின்னால் கம்பி நார் இறுகிக் கிடந்தது. கத்தரிக்கு அது வரவில்லை. கையை விட்டால்தான் வரும்.

அவளுடைய கை அந்த இருட்டின் முன்னால் ஒரு கணம் நின்றது. உள்ளே ஏதோ அசைவது கேட்டது. நேற்று திணித்த நாருக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டது ஒன்று இருந்தது. உடம்பு முழுக்க மயிர்க்கூச்செறிந்தது. டீச்சர் கையில் ஏந்தி வந்த அந்தக் காலுறை நினைவுக்கு வந்தது.

கையை உள்ளே விட்டாள். விரலில் கம்பி கிழித்தது. பிறகு மென்மையாக, சூடாக, துடிக்கிற ஒன்று உள்ளங்கையில் முட்டியது. அது அவள் மணிக்கட்டில் ஏறியது. ரவிக்கைக் கையின் மேல் ஓடி, தோளைக் கடந்து, கழுத்தோரம் குறுகுறுவென்று இறங்கி, எங்கோ குதித்தது. அவள் கையை இழுக்கவில்லை. நாரைக் கொத்தாகப் பிடித்து, மொத்தத்தையும் வெளியே இழுத்தாள்.

உள்ளிருந்து வெதுவெதுப்பான ஈரக் காற்று முகத்தில் அடித்தது. அந்த ஓட்டையில் வாயை வைத்து அவள் கூப்பிட்டாள். "டீச்சரம்மா. அத்தை கூப்பிடறேன்டா. கதவைத் திற." தன்னுடைய குரலே உள்ளே மோதித் திரும்பி வந்தது.

எதிரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர் சத்தம் கேட்டு இரும்புக் கம்பியோடு ஓடிவந்தார். அவரும் தையல்காரரும் சேர்ந்து முன்கதவைப் பெயர்த்தார்கள். குளியலறைக் கதவில் அந்த இரட்டை ரப்பர் தரையைக் கவ்விக்கொண்டிருந்தது. அதைத் தள்ளித் திறக்கவே இரண்டு ஆண்கள் தேவைப்பட்டார்கள். ஓனரம்மாதான் முதலில் உள்ளே நுழைந்து, கொடியிலிருந்த துணியை உருவிப் போர்த்தினாள். டீச்சர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தாள். ஹீட்டர் அணைந்ததால் குளிர்ந்துபோன தண்ணீர் அவள் முழங்கால்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. உதடு அந்த எலியின் பாதத்தைப் போல அழகான ரோஜா நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் ஓனரம்மாவுக்கு அலறல் வந்தது.

அதன் பிறகு நடந்தது எல்லாம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. காற்றுக்காகப் படியில் கிடத்தியது, டீச்சர் ஒரு தடவை இருமியது, ஆம்புலன்ஸின் கதவு, ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடிய அந்தக் கண்ணாடி நிற மூடி. உள்ளே விடவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி இருந்தாள். கம்பி கிழித்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வேட்டி நுனியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் துடைத்தார்.

வெகுநேரம் கழித்து ஒரு நர்ஸ் அவர்களை உள்ளே கூப்பிட்டாள். டீச்சர் கண்ணைத் திறந்திருந்தாள், ஆனால் பேசத் தெம்பில்லை. வயிற்றின் மேல் ஒரு கருவியை வைத்து, கேளுங்கள் என்றாள் நர்ஸ். முதலில் இரைச்சல்தான் கேட்டது. பிறகு இரைச்சலுக்கு அடியிலிருந்து வேகமாக, விடாமல், டக டகவென்று வந்தது.

"நம்ம மெஷின் ஓடற மாதிரியே இருக்கு" என்றார் தையல்காரர். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

போட்டோக்காரன் வந்தபோது கேமராப் பை தோளிலேயே இருந்தது. ஹீட்டர் கக்கிய, மணமில்லாத விஷக்காற்றைச் சுவாசித்திருக்கிறாள், உதடு அப்படிச் சிவந்ததும் அதனால்தான் என்று டாக்டர் அவனிடம் சொல்லியிருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டாராம். அவன் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றான். தையல்காரர் எழுந்து, கதவுக்குப் பட்டை அடித்தது தான்தான் என்றார். ஜன்னலை ஒட்டினது நான்தானே என்றான் அவன். இரண்டு பேரும் குற்றத்தைப் பங்கு போட்டுக்கொள்ளப் பார்த்தார்கள். ஓனரம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"நீங்க செஞ்சது எல்லாருக்கும் தெரிஞ்சு செஞ்சது. கடைசி ஓட்டைய நான்தான் அடைச்சேன். வாலைப் பார்த்தேன், சொல்லல. சொன்னா போயிடுவீங்களோன்னு பயந்து, யாருக்கும் தெரியாம அடைச்சேன். மறுபடி போய்க் குளிச்சிட்டு வான்னு அனுப்பினதும் நான்தான்."

அவன் அவளையே பார்த்தான். பையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனான்.

ஆஸ்பத்திரியிலிருந்து டீச்சரை நேராக அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். மாடி மறுபடியும் பூட்டிக் கிடந்தது. தையல்காரர் ஹீட்டரைக் கழற்றிப் போட்டார். ரப்பர் பட்டைகளையும் பிளாஸ்டிக் தாளையும் பிய்த்தார். படிச் சுவரின் வெளிப்பக்கத்தில் கரண்ட் ஹீட்டர் ஒன்றை ஆளை வைத்து மாட்டச் செய்தார். இந்த முறை மாட்டியவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவளைப் பக்கத்தில் நிற்க வைத்துக் கேட்க வைத்தார். ஓட்டைக்கு வலுவான கம்பி வலை அடித்தார், காற்று போகும், எலி போகாது. முனை உடைந்த கத்தரியைக் கொடுத்து மாற்றச் சொன்னபோது மட்டும் அவர் கேட்கவில்லை. அதே கத்தரியால்தான் வெட்டினார்.

சுவருக்குள் சத்தமே இல்லை. அவள் எதற்காகக் காத்திருந்தாளோ அந்த அமைதி வந்துவிட்டது. அதுதான் அவளைக் கொன்றது. தலைக்கு மேல் ஒரு நடை இல்லை, ஒரு குழாய் இல்லை. மத்தியானங்களில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, ஏன் சத்தமே கேட்கவில்லை என்று புருஷனைக் கேட்டாள். ஆள் இல்லாத வீட்டில் என்ன சத்தம் கேட்கும் என்றார் அவர். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

டீச்சர் திரும்பி வந்தது மழைவிட்ட ஒரு சாயங்காலம். போட்டோக்காரன் கையில் இரண்டு பெட்டி. சாமான் எடுக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் ஓனரம்மா நினைத்தாள். வாசலுக்கு வரவில்லை. கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். டீச்சர்தான் மூச்சு வாங்க உள்ளே வந்து, அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தாள்.

"அம்மா வீட்டுலயும் எலி இருக்கு அத்தை. அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க, பூனைன்றாங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரொம்ப நாள் கோவமாத்தான் இருந்தேன். பயந்துட்டேன். இனிமே எதைப் பார்த்தாலும் எங்கிட்ட சொல்லணும். வால்னாலும் சொல்லணும், காதுன்னாலும் சொல்லணும்" என்றாள்.

ஓனரம்மா தலையை ஆட்டினாள்.

போட்டோக்காரன் பெட்டிகளோடு மாடி ஏறினான். படி திருப்பத்தில் நின்று, கம்பி வலைக்கு எதிரே உள்ளங்கையைப் பிடித்துக் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போனான். அதைப் பார்த்தபோது, அவன் இன்னும் மன்னிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பரவாயில்லை. அவனுக்கு அந்தப் பயம் இருக்கட்டும் என்று தோன்றியது.

மறுநாள் காலை கொல்லைப்புறக் குழாய் கமறிவிட்டு ஓட ஆரம்பித்தது. ஓனரம்மா கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் படி ஏறினாள். திருப்பத்தில் நின்று, சுவரில் கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தண்ணீர் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. சொம்பு வாளியில் இடித்தது. எங்கோ சுவருக்குள், நகத்தால் காகிதத்தைக் கீறுவது போல ஒன்று கேட்டது. அவள் உடம்பு கூசியது. ஆனாலும் நகரவில்லை.

கம்பி வலை வழியாகக் குரல் வந்தது.

"அத்தை, அங்கயா நிக்கறீங்க?"

"இல்லையே" என்றாள் ஓனரம்மா.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு தண்ணீர் நிற்கும்வரை நின்றாள். கதவுத் தாழ் திறக்கும் ஓசை கேட்ட பிறகுதான், சொன்னபடி சொல்லிவிட வேண்டும் என்று நினைவு வந்தவளாக, வலையின் பக்கம் முகத்தைத் திருப்பி, "டீச்சரம்மா, சுவர்ல ஒண்ணு இருக்குடா" என்றாள்.